விருந்தாளி சாவி கேட்கக் கூடாது

பெரியபட்டினம்
ஜனவரி 20

அன்பு மகன் சஃபீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பா எழுதுகிறேன். உம்மாவின் முழங்கால் வலியைத் தவிர வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு நோவு நொடி வராமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேச்சை எடுப்பதற்குள் "மீட்டிங்ல இருக்கேன் வாப்பா, பெறகு கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் நீ கேட்டதற்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஈமெயில் போடலாம் என்றால், தேர்தல் ஆபீசில் எத்தனை பேர் அதைப் படிப்பார்களோ தெரியாது. நம் சதக்கத்துல்லா மகள் யும்னா மேற்படிப்புக்கு வியாழக்கிழமை அமெரிக்கா புறப்படுகிறாள். அங்கே இறங்கியதும் தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுக்கப் போகிறேன்.

செனட்டர் லார்க்கினுக்கு மேடைப் பேச்சு எழுதித் தருவது நீதான் என்று தெரிந்ததிலிருந்து உன் சித்தப்பா மகன் காஜா நவாஸைக் கையில் பிடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் கட்டியிருக்கிறான். 'அமெரிக்கா பேசுவது எங்கள் ஊர்ப் பேனாவில்' என்று போட்டு உன் படம், செனட்டர் படம். இரண்டையும் விடப் பெரிதாக அவன் படம். டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பாடம் நடத்துகிறான்: "இது செமி பைனல் மாதிரிப்பா. ஒரே கட்சிக்குள்ள அஞ்சாறு பேரு அடிச்சுக்குவாங்கெ. மாநிலம் மாநிலமா ஓட்டு. கடைசியா எவன் நிக்கிறானோ அவன்தான் அதிபர் தேர்தல்ல கட்சியோட ஆளு." நம் குடும்பப் படங்களை எல்லாம் வாங்கிப் போய்த் தன் யூடியூப் சேனலில் ஒரு வீடியோவும் போட்டிருக்கிறான். உன்னைச் சாம் பேக்கர் என்று அங்கே அழைப்பது அவனுக்குப் பெருமை. எனக்கு அது பழகவில்லை. பாக்கர் என்ற என் பெயரைப் பேக்கர் ஆக்கி, என்னை ரொட்டி சுடுகிறவன் ஆக்கிவிட்டாய். போகட்டும், உன் தொழிலுக்கு அது தேவையென்று விட்டுவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு.

போன வார விவாதத்தை நானும் உம்மாவும் காலை ஏழு மணிக்குக் காஜா நவாஸின் போனில் பார்த்தோம். போட்டியில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் அந்தக் கவர்னர் ட்ரென்ட் பேசியதில் எனக்கு ஆச்சரியமில்லை. தன் ஊர்த் தெருவில் நடந்தால் எந்த நாட்டில் நடக்கிறோம் என்றே தெரியவில்லை, எல்லாம் கறுத்த முகம், வாயில் நுழையாத பெயர் என்றார். அவர் முதல்நாளிலிருந்து அப்படித்தான். உன் செனட்டர், "என் பாட்டனும் கப்பலேறி வந்தவர்தான்" என்று சொல்லி வந்தவர். மூன்றாவது இடத்திலேயே நின்றார். அன்று அவர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வந்தவர்கள் விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுச் சாவியைக் கேட்கக் கூடாது." கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இப்போது அவர் இரண்டாவது இடமாம்.

மகனே, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று உம்மாவுக்குத் தெரியாது, காஜா நவாஸுக்குத் தெரியாது. எனக்கும் உனக்கும் தெரியும்.

நீ அமெரிக்கா புறப்பட்ட அன்று மதுரை ஏர்போர்ட்டு வாசலில் வைத்துச் சொன்னேன். உன் தங்கச்சி சூஃபியா பிறக்கும்போது உம்மா மதுரை ஆஸ்பத்திரியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். நான் அரபு நாட்டில், தம்மாமில், எனக்கு விசா தந்த கஃபீல் முதலாளி முன்னால் நின்று, அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்த என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். ஊருக்குப் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் காபி குடித்துக்கொண்டே சொன்ன பதில் அது. அந்நிய ஊரில் நாம் என்ன மதிப்பில் இருக்கிறோம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டுமே என்றுதான் சொன்னேன். உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்தக் கண்தானா இதை எழுதியது?

உனக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். ஜெயிக்க வேறு வார்த்தை எடுத்துக்கொள். இதைத் திரும்ப வாங்கிவிடு. உன் தங்கச்சி சார்லட்டில் முக்காடு போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போய் வருகிறாள். நீ நிற்கும் மாநிலத்துக்கு அடுத்த மாநிலம் அது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உம்மா ஸலாம் சொல்கிறாள். அல்லாஹ் உன்னை நேர்வழியில் வைப்பானாக.

உன் வாப்பா,
மு. பாக்கர்


இராமநாதபுரம்
பிப்ரவரி 17

சஃபீர்,

அஸ்ஸலாமு அலைக்கும். கூரியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொரு மணிக்குப் பை கட்டிவிடுவார்களாம். சூஃபியா மாப்பிள்ளை ரிஃபாய் கொடுத்த உன் கொலம்பியா ஊர் ஓட்டல் முகவரியை உறை மேல் எழுதிவிட்டேன். சஃபீர் என்று எழுதினால் அங்கே யாருக்கும் தெரியாது என்றார் மாப்பிள்ளை. அதனால் சாம் பேக்கர் என்றே எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு தரம் கேள். செவ்வாய்க்கிழமை மதியம் சூஃபியா மகள் லாமியாவைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள். பிள்ளையைக் காரில் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துவிட்டு டிக்கியில் பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவன் தலையில் உன் செனட்டர் பெயர் போட்ட தொப்பி. "சாவியைக் கொடு, விருந்தாளி, சாவியைக் கொடு" என்று பாட்டு மாதிரி பாடியிருக்கிறார்கள். உங்கள் கூட்டங்களில் அப்படித்தான் பாடுகிறார்களாமே. அவளுக்கு அது பாட்டு என்று தெரியவில்லை. காரைத்தான் பறிக்க வந்திருக்கிறார்கள், உள்ளே பிள்ளை இருக்கிறது என்று சாவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவன் பிடுங்கினான், இவள் விடவில்லை. தள்ளிவிட்டான். சிமெண்ட் மேட்டில் தலை அடித்தது.

இடது காதுக்குப் பின்னால் எலும்பு உடைந்திருக்கிறது. இரண்டு நாள் நினைவில்லை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, உயிருக்குப் பயமில்லை, அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். யாரோ ஓடிவந்து கதவைத் திறக்கும் வரை லாமியா கண்ணாடி வழியே தன் உம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து வயசுப் பிள்ளை. அன்றிலிருந்து அது பேசவில்லை.

நீ இருக்கும் இடத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரமாம். இங்கிருந்து நாங்கள் மதுரைக்குப் போவதைவிடக் குறைவு. ரிஃபாய் முதலில் உனக்குத்தான் போன் செய்திருக்கிறார். நீ சொன்னதை அவர் என்னிடம் சொல்ல விரும்பவில்லை. நான் விடாமல் கேட்டு வாங்கினேன். "சனிக்கிழமை ஓட்டு முடியட்டும் மச்சான். இப்ப நான் அங்கன வந்தா போட்டோ எடுத்துருவாங்க. அவ என் தங்கச்சின்னு யாருட்டயும் சொல்லிறாதீங்க." இதைத்தான் நீ சொன்னாயா? ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் இதைத்தானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சூஃபியா கண் விழித்ததும் போலீஸ் வந்து கேட்டிருக்கிறது, இங்கே சொந்தக்காரர்கள் உண்டா என்று. கணவரும் பிள்ளையும்தான் என்றிருக்கிறாள்; அண்ணன் உன் பெயரைச் சொல்லவில்லை. போலீஸ் போனதும் ரிஃபாயிடம், "காக்காவுக்கு வேலை போயிரும், அதான்" என்றாளாம். ஒரு காதில் ரத்தம் காயவில்லை, உன் வேலையைக் காப்பாற்றுகிறாள்.

உன் உம்மா செய்ததைக் கேள். செய்தி வந்த மறுநாள் காலையில் அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது. காஜா நவாஸைப் பார்த்து, "ஏலே நவாசு, நீ கழட்டுறியா, நான் கிழிக்கவா?" என்றாள். அவன் வாய் திறப்பதற்குள் அவளே கிழித்துவிட்டாள். உன் முகத்தில் மட்டும் கத்தி படாமல் சுற்றி வெட்டி, அந்தத் துண்டை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

நேற்று எனக்கு ஒரு போன் வந்தது. கவர்னர் ட்ரென்ட் ஆட்கள். ஒரு வெள்ளைக்காரர் பேச, சென்னையிலிருந்து ஒரு பெண் தமிழில் சொன்னாள். அவர்கள் ஏதோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள், உறுதியாகத் தெரியாது. கேமரா முன்னால் ஒரு நிமிடம் நான் சொன்னால் போதுமாம்: சாம் பேக்கர் என் மகன், அடிபட்டது என் மகள். சொன்னால் சூஃபியாவைப் பார்க்க எனக்கும் உம்மாவுக்கும் ஒரே வாரத்தில் விசா. தூதரகத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தேதி அடுத்த வருடம் ஏப்ரலில்.

பொய் சொல்ல மாட்டேன், சஃபீர். 'சரி' என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவளுடைய தலைக்கட்டை ஒரு தரம் தொட்டுப் பார்க்கலாம் என்று ஆசை. அதை வைத்து என்ன செய்வீர்கள் அம்மா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "செனட்டர் வாய்க்குள்ள ஒரு வெளிநாட்டான் உக்காந்திருக்கான்னு காட்டுவாங்க சார்" என்றாள். உன் தங்கச்சியின் ரத்தத்துக்கு நியாயம் கேட்க அவர்கள் வரவில்லை. அதே சாவிப் பாட்டை இன்னும் சத்தமாகப் பாட வந்திருக்கிறார்கள். போனை வைத்துவிட்டேன். வைத்தது சரியா என்றும் தெரியவில்லை.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்தேன். ஏர்போர்ட்டில் உனக்கு நான் பாதிக் கதைதான் சொன்னேன். கஃபீல் அப்படிச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் மனம் கோணக் கூடாது என்று, அவர் பெரிய தமாஷ் சொன்ன மாதிரி சிரித்தேன். மூன்று வருடம் கழித்து என்னை லேபர் கேம்புக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஒரு வங்காளதேசத்துப் பையன், ஜமால் என்று பெயர், தகப்பன் சாகக் கிடக்கிறார், பாஸ்போர்ட் வாங்கித் தாருங்கள் என்று என் காலைப் பிடித்தான். அவனிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதே வரி. அதே குரல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நன்றாக இருந்தது, மகனே. அன்று ஒரு நாள் நான் விருந்தாளி இல்லை என்று இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். நல்லவனாக இருந்து சொல்லவில்லை. அந்தச் சொல் உனக்கு எப்படி இனித்திருக்கும் என்று தெரிந்தவனாகச் சொல்கிறேன். ஜமாலிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. அவன் ஊர் பெயர் கூட எனக்குத் தெரியாது. உனக்கு வழி ஒன்றரை மணி நேரத் தூரத்தில் படுத்திருக்கிறது.

போ. ஓட்டு முடிவதற்கு முன்னால் போ. முடிந்த பிறகு போனால் அது வேறு. ரிஃபாய் அடிக்க மாட்டார். அடித்தால் வாங்கிக்கொள்.

பை கட்டுகிறார்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதக் கூடாது, வாப்பா அப்படி எழுதினால் உனக்குப் பாவம் சேரும். எழுதாததாக வைத்துக்கொள்.

உன் வாப்பா


பெரியபட்டினம்
மார்ச் 19, ரமலான் பிறை 8

என் கண்ணு சஃபீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்துக்கு அனுப்புகிறேன். நீ கடைசியாகத் தங்கிய ஓட்டலுக்கு ஒன்று, வாஷிங்டனில் உன் பழைய வீட்டுக்கு ஒன்று, யும்னாவிடம் ஒன்று. ஏதாவது ஒன்று உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று நோன்பு வைத்த வாயால் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சொல்லாததை அவர்கள் காஜா நவாஸின் வீடியோவில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சூஃபியாவின் கல்யாணப் படத்தில் நீ அவள் பக்கத்தில் நிற்கிறாய். அது போதுமாக இருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் கவர்னர் மேடையில் உன் முழுப் பெயரைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். சொல்லத் தெரியாதவர் போல நாக்கைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு மணி நேரத்தில் உன் செனட்டர், இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது, வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்றார். மறுநாள் தோற்றார். மறுவாரம் போட்டியிலிருந்து விலகி, அதே கவர்னர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் கூட்டமும் சேர்ந்து சாவிப் பாட்டைப் பாடியது. உன்னைப் பற்றியோ சூஃபியாவைப் பற்றியோ அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

உன்னை நீக்கிய அன்றிலிருந்து உன் போன் அணைந்திருக்கிறது. ரிஃபாய் கொலம்பியாவுக்கே போய் விசாரித்தார். அறையைக் காலி செய்துவிட்டாய், கோட்டும் சூட்டும் அலமாரியில் அப்படியே தொங்குகின்றன என்றார்கள். போலீசில், வயது வந்த ஆள் தானாகப் போனால் நாங்கள் தேட முடியாது என்றுவிட்டார்கள். யும்னா அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் குழுவில் எல்லாம் உன் படத்தைப் போட்டிருக்கிறாள். காஜா நவாஸ் சேனலை மூடிவிட்டான். தினம் அஸர் தொழுதுவிட்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து, "நான்தான் பெரியம்மா, நான்தான்" என்று அழுகிறான். உம்மா அவனுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்து அனுப்புகிறாள்.

சூஃபியா வீட்டுக்கு வந்துவிட்டாள். லாமியாவுக்கும் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. போன வாரம் தையல் பார்க்க ஆஸ்பத்திரி போனபோது நர்ஸ் ஒருவர் சூஃபியாவிடம் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரி 22ஆம் தேதி சாயங்காலம் ஒரு ஆள் வந்தாராம். பெயர் சொல்லவில்லையாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு எந்தக் காது என்று கேட்டாராம். இடது என்றதும் உள்ளே போய், கட்டிலைச் சுற்றி வந்து, வலதுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். சூஃபியா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவள் காதருகே குனிந்து ஏதோ பாஷையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். இடையில் குரல் உடைந்து நின்றதாம், பிறகு மறுபடியும் பேசினாராம். அவள் விழிப்பதற்குள் எழுந்து போய்விட்டாராம்.

கூரியர்க்காரரிடம் போய்க் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னேன். என் கடிதத்தை நீ கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அதே 22ஆம் தேதி காலையில்தான்.

போயிருக்கிறாய். ஓட்டுக்கு முன்னால், பெயர் வெளியே வருவதற்கு முன்னால், உன் வேலை போவதற்கு முன்னால் போயிருக்கிறாய். இது தெரியாமல் நான் ஒரு மாதம் உன்னை என்னவெல்லாம் நினைத்தேன்! அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். நீயும் மன்னித்துவிடு.

சூஃபியாவுக்கு நீ பேசியதில் ஒரு சொல்லும் நினைவில்லை. நேற்று போனை வலது காதில் வைத்துக்கொண்டு என்னிடம் அழுதாள். "காக்கா பேசுனது எனக்குக் கேக்கல வாப்பா. தூங்கிட்டேன். என்ன சொன்னாங்கன்னு தெரியாம எனக்கு இருக்க முடியல. இன்னொரு தடவ வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், நான் எதையும் கூட்டவில்லை.

நீ அவமானத்தில் இருப்பாய். எங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருப்பாய். அதற்கு மேல் எதையும் நினைத்துவிடாதே, ராஜா. தெருவில் போகிறவர் வருகிறவர் போன் சத்தத்துக்கெல்லாம் உம்மா எழுந்து நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

வரச் சொல்லவில்லை. பேசச் சொல்லவில்லை. பதில் எழுதவும் வேண்டாம். ஒரு வெறும் உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போடு. உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம். மேலே எங்கள் முகவரி உன் கையெழுத்தில் இருந்தால் போதும். அதை வைத்து நாங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்துகொள்வோம்.

படைத்தவன் உன்னைத் தன் கையில் வைத்திருப்பானாக. நீ எந்த ஊரில் இருந்தாலும், பசிக்கும்போது யாராவது உன்னை உட்கார வைத்துச் சோறு போடுவார்களாக. ஆமீன்.

உன் வாப்பா பாக்கர்
உன் உம்மா சுலைகா (பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் கையெழுத்தும் கீழே இருக்கிறது)